சாரல் பார்க்கும் இடம்: தோல் வேலையின் உள்பக்கம் குறித்துச் சில குறிப்புகள்

1

தோலால் ஆன எந்தப் பொருளிலும் கண்ணுக்குப் படாத இடங்கள் உண்டு. பையின் உள்மடிப்பு, இடுப்பு வாரின் பின்பக்கம், செருப்பின் அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் இடைப்பட்ட பகுதி, வார் நுழைந்து மறைகிற துளை. இந்த இடங்களுக்கு எவ்வளவு வேலைப்பாடு தகும் என்கிற கேள்வி கைவினை பற்றிய பேச்சுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பதில்கள் பெரும்பாலும் இரண்டுதான். நல்ல கைவினைஞன் பார்க்கிற இடம், பார்க்காத இடம் என்று பேதம் பாராட்ட மாட்டான் என்பது ஒன்று. பார்க்காத இடத்தில் செலவாகும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பது மற்றொன்று. முதலாவது அறத்தின் குரலில் பேசுகிறது. இரண்டாவது சந்தையின் குரலில். பார்க்காத இடம் என்பது யார் பார்க்காத இடம் என்று இரண்டுமே கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் வடகரையில் செருப்புத் தைக்கிற ஒரு பெரியவர். ஆடி மாதம். மேக்கரைப் பக்கத்து மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டே இருந்தது. கைவேலை என்று சொல்லி விற்ற, விலை கூடிய ஒரு ஜோடிச் செருப்பு இரண்டே வாரத்தில் ஊதிப்போய்விட்டது. வாரின் உள்பக்கத்தில், கால் படுகிற, யாரும் பார்க்காத இடத்தில்கூடப் பூ அச்சு இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். அவர் ஓரத் தையலைப் பிரித்து, இரண்டு தோலுக்கும் நடுவிலிருந்து கூழாகிப்போன அட்டையை வழித்துக் கீழே போட்டார்.

“பூவு நல்லாத்தான் போட்டுருக்கான் சார். உள்ளயில்லா அட்டைய வச்சுருக்கான்.”

“உள்ள இருக்கத யாரு பாக்கப் போறான்னு நெனச்சிருப்பான் அண்ணாச்சி.”

“மனுசன் பாக்க மாட்டான். சாரல் பாத்துரும்லா.”

நான் அவரை அண்ணாச்சி என்றேன். அவர் என்னை சார் என்றார். இந்த இரண்டு விளிகளுக்கும் இடையிலுள்ள தூரமும் இந்தக் கட்டுரையின் பொருளுக்குள் அடங்கும்.

2

கண்ணுக்குப் படாத இடத்தில் செய்யப்படும் வேலை எல்லாவற்றையும் ‘வேலைப்பாடு’ என்கிற ஒரே சொல்லுக்குள் அடைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. குறைந்தது மூன்று காரியங்களையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். பாடு, அணி, மூடல் என்று அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பாடு என்பது பொருள் உழைக்க வேண்டும் என்பதற்காகவும், உடம்பை உறுத்தக்கூடாது என்பதற்காகவும் செய்யப்படுவது. தோலை மடிக்கிற இடத்தில் அதன் தடிமனைச் சீவிக் குறைப்பது. காலோடு உரசும் விளிம்பைத் தேய்த்து மழுக்குவது. நூலுக்கு மெழுகு ஏற்றுவது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக இழுத்துத் தைப்பது. இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல்கள் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையல் அப்படியில்லை. ஒரு கண்ணி விட்டால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இவற்றில் ஒன்றுகூட விற்பனை நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் பிறகு கால் அறியும், தோள் அறியும், மழை அறியும்.

அணி என்பது பூ அச்சு, வண்ணத் தையல், உட்புறத்து முத்திரை. இது இல்லாவிட்டாலும் பொருளின் ஆயுள் ஒரு நாள்கூடக் குறையாது.

மூடல் என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். பைக்குள்ளே ஒட்டப்படும் பட்டுத்துணியின் முதல் வேலை அழகு காட்டுவதல்ல, தோலின் கரடான பின்புறத்தையும் ஒட்டுப்போட்ட இடங்களையும் மறைப்பது. நல்ல உள்துணியும் உண்டு, மறுக்கவில்லை. தோலின் துகள் உதிராமல் காக்கிற உள்துணி பாட்டின் கணக்கில் சேரும். அட்டையின்மேல் ஒட்டிய தோல் மூடலின் கணக்கில் சேரும். என் செருப்பில் நடந்தது இதுதான். அணி மூடலுக்குக் காவல் நின்றது. உள்பக்கத்தில்கூடப் பூப் போட்டிருக்கிறானே, நடுவிலும் நன்றாகத்தான் செய்திருப்பான் என்று என்னை நம்பவைத்தது அந்தப் பூ.

ஆக, பார்க்காத இடத்தில் செய்த அலங்காரம் உண்மையில் பார்க்காத இடத்தில் இல்லை. அது திறந்து காட்டப்படுவதற்காகக் காத்திருக்கிற அலங்காரம். கடைக்காரர் புரட்டிக் காட்டுவார். வாங்கியவர் நண்பர்களிடம் புரட்டிக் காட்டுவார். சற்றுத் தள்ளிப்போடப்பட்ட காட்சி, அவ்வளவுதான். யாரும் திறந்து காட்டாத இடம் அட்டை இருந்த அந்த நடுப்பகுதி.

3

ஐரோப்பிய அழகியல் விமர்சனத்தில் இந்தப் பிரச்சினைக்குப் பெயர்போன ஒரு சம்பவம் உண்டு. ஜான் ரஸ்கின் 1851இல் வெளியிட்ட ‘வெனிஸின் கற்கள்’ முதல் தொகுதியில், அந்நகரத்து ஆட்சித் தலைவர் ஆந்திரேயா வெந்திராமினின் கல்லறைச் சிற்பத்தைப் பற்றி எழுதுகிறார். கீழேயிருந்து பார்க்கையில் அற்புதமாகத் தெரிந்த அந்தப் படுத்த உருவத்தை ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். பார்வையாளர் பக்கமிருந்த பாதி மட்டுமே செதுக்கப்பட்டிருந்தது. முகத்தில் ஒரு பாதி, கையில் ஒன்று. மறுபக்கம் வெறுங்கல். ரஸ்கினுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கலையின் வீழ்ச்சிக்கும் ஒழுக்கத்தின் வீழ்ச்சிக்கும் அதை ஒரே சாட்சியாக நிறுத்தினார்.

ரஸ்கினை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தொழிலாளியின் கையை வெறும் கருவியாக்கிய இயந்திர யுகத்துக்கு எதிராகக் குரல் எழுப்பியவர் அவர். வில்லியம் மாரிஸ் வழியாக இங்கிலாந்தின் சோஷலிச இயக்கம் வரை அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. காந்தி 1904இல் ரயில் பயணத்தில் அவருடைய ‘அண்டு திஸ் லாஸ்டு’ நூலைப் படித்துத் தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். இருந்தும் அந்த ஏணியைப் பற்றி ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஏணி யாருக்குக் கிடைக்கிறது? ஏறிப் பார்க்கும் ஓய்வு உள்ளவர், ஏறாத மற்றெல்லோர் சார்பாகவும் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். அந்த மறுபாதிக்குக் கூலி பேசப்பட்டிருந்ததா என்கிற கேள்வி ஏணியின் உச்சியில் அவருக்குத் தோன்றவில்லை. செதுக்கப்படாத பாதியை அவர் பார்த்தார். கொடுக்கப்படாத பாதி என்று ஒன்று இருந்திருந்தால், அதைப் பார்க்க ஏணி போதாது.

இன்று கைவினையைப் போற்றுகிற எழுத்துகளில் பாதி இந்த ஏணியிலிருந்து எழுதப்படுபவை. ‘உள்தையலைப் பாருங்கள், ஒரு இழை பிசகவில்லை’ என்று வியக்கும்போது, அந்த உள்தையலுக்கு எத்தனை மணி நேரம் ஆனது, மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்கிற விவரம் அருகில் வருவதில்லை. கூலி சொல்லப்படாத நேர்த்தியைப் புகழ்வது, புகழ்கிறவருக்குச் செலவில்லாத தர்மம்.

4

ரஸ்கினின் ஏணிக்கு எதிரே வைத்துப் பார்க்கத் தகுந்த ஒரு பார்வை நம் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு செல்லும் வழியில், களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும் இடம். அங்கே பட்டவராயன் சன்னிதியில் நேர்த்திக்கடனாகச் செலுத்தப்படுவது தோல் செருப்பு. பொதுவாகக் கோயில் வாசலோடு நின்றுவிடுகிற பொருள் இங்கே சாமிக்கு முன்னால் தொங்குகிறது. இப்படிக் கட்டிய செருப்பு பின்னாளில் தேய்ந்திருக்கும், பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடந்ததற்கு அதுவே அடையாளம் என்று பக்தர்கள் சொல்கிறார்கள்.

நம்பிக்கையின் உண்மை பொய்யை விடுங்கள். பார்வை எந்த இடத்தில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். இந்தச் சாமியின் இருப்புக்குச் சாட்சி செருப்பின் அடிப்பாகம். மேலே போட்ட குஞ்சமோ பொட்டோ சாட்சி சொல்வதில்லை. மண்ணோடு உரசி, யார் கண்ணுக்கும் படாமல் தேய்கிற அடித்தோலைத் திருப்பிப் பார்த்து, நடந்திருக்கிறான் என்று அறிகிறார்கள். ஒரு செருப்பை உழைப்பின் வழியாகப் படிக்கும் பார்வை இது. ஏணி தேவைப்படாத பார்வை.

பட்டவராயன் யார் என்பதை இந்த வட்டாரத்தில் வில்லுப்பாட்டுக் கேட்ட யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். வாலப்பகடை நிபந்தனை போடுகிறான்: குடுமியும் பூணூலும் போக வேண்டும், தோல் தொழிலைக் கற்றுச் செருப்புத் தைத்து வரவேண்டும். பட்டன் அப்படியே செய்கிறான், மணம் முடிக்கிறான், மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாள்கிறான். இந்தக் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. அந்தப் பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பாடம் உண்டு. அது பின்னால் நுழைக்கப்பட்டது என்று வானமாமலை வாதிட்டார். சாதி மீறிய மணத்தைச் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் செய்த திருத்தம் அது.

நம் பொருளுக்கு இந்தத் திருத்தம் மிக நெருக்கமானது. கதையின் வெளிப்புறம் அப்படியே இருக்கிறது. பட்டன் செருப்புத் தைக்கிறான், மணக்கிறான், சாகிறான். மாற்றம் உள்பக்கத்தில் நடந்திருக்கிறது. யாரும் சட்டென்று பார்க்காத இடத்தில், பெண்களின் பிறப்பில், ஒரு பட்டுத் துணி ஒட்டப்பட்டிருக்கிறது. பிரதியின் உள்பக்கத்துக்குக் கொடுத்த அலங்காரம் இது. நான் மூடல் என்று சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் என்னிடம் இல்லை. வானமாமலை செய்ததும் வடகரைப் பெரியவர் செய்ததும் ஒரே காரியந்தான். ஓரத் தையலைப் பிரித்தார்கள். உள்ளே இருந்ததை எடுத்து வெளியே போட்டார்கள்.

இங்கே நம்மைப் போன்றவர்கள் தங்களுக்கே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இந்தக் கதையில் செருப்புத் தைத்ததற்காக நினைக்கப்படுகிறவன் யார்? பிறப்பால் அந்தத் தொழிலுக்குத் தள்ளப்படாதவன். தென்னாப்பிரிக்காவில் காந்தி தைத்துத் தந்த செருப்பு இன்னொன்று. 1914இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் போய், 1939இல் மரியாதையோடு திரும்பி வந்த அந்தச் செருப்புக்கு ஒரு சரித்திரமே உண்டு. விரும்பி அந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் தைத்தவற்றுக்கு வரலாறு கிடைக்கிறது. வாலப்பகடை ஆயுள் முழுக்கத் தைத்தவை எங்கே? பட்டவராயன் சன்னிதியில் தொங்குகிற செருப்புகளைத் தைத்தவர் யார் என்று எந்தப் பக்தரும் கேட்பதில்லை. தேய்மானம் சாமியின் கணக்கில், நேர்த்திக்கடன் பக்தரின் கணக்கில். தையல் யார் கணக்கிலும் இல்லை.

5

செருப்பில் காணாத இடம் அடிப்பாகம். தோல் வேலை இசையாகிற இடத்தில் காணாத இடம் இன்னும் ஆழமாகப் போகிறது. மிருதங்கத்தின் வலந்தலையை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு வளையமும் நடுவே கறுப்பு வட்டமும் தெரியும். உண்மையில் அங்கே தோல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடியில் இருக்கிற தட்டு சபையில் ஒருவர் கண்ணுக்கும் படாது. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் எல்லாம் இந்த வாத்தியத்துக்கு வேண்டும். எந்தத் தோல், அதன் எந்தப் பகுதி, எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் தோலைக் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்கிறவர் மேடையில் இல்லை. அந்த அடித்தட்டில் யாரும் பூ வரைவதில்லை. ஆனாலும் அதில் போட்ட பாடு அப்படியே காதுக்கு வந்து சேர்கிறது. நாதம் வித்வானுடையது என்று சபை கைதட்டுகிறது.

டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் இந்தத் தையலைப் பிரித்தார். மிருதங்கம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள் என்பதும், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்கிற கைவினைஞர் இருந்தார் என்பதும் அந்த நூல் வழியாகப் பரவலாகத் தெரியவந்தன. தன் அரங்கில் அந்த நூலை வெளியிடத் தந்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. 2020 பிப்ரவரியில் சென்னையில் வேறோர் இடத்தில் நூல் வெளிவந்தது. மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம், மேடையில் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதாகத்தான் அந்தச் சம்பவத்தை நான் படிக்கிறேன். தோல் வேலையில் காணாத இடம் என்பது கண்ணின் எல்லையால் மட்டும் உண்டாவதில்லை. தீட்டும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகிறது. பார்க்க முடியாததால் பார்க்காமல் இருப்பது ஒன்று. பார்க்கக்கூடாது என்பதால் பார்க்காமல் இருப்பது வேறொன்று. நமக்கு வாய்த்திருப்பது இரண்டாவது.

தோல் பதனிடும் இடம் இதற்கு உச்சம். வேலூர் மாவட்டத்துத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். ஒரு தோல் பைக்குக் கண்ணுக்குத் தெரியாத பகுதி எதுவரை நீள்கிறது என்று கேட்டால், அந்தத் தொட்டிவரை நீள்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பையின் உள்மடிப்பில் பூ போடலாமா என்று விவாதிக்கிற நாகரிகம் அந்தச் சுவருக்கு எவ்வளவு செலவழித்தது?

6

சரி, அப்படியானால் பார்க்காத இடத்தில் அலங்காரமே கூடாதா? இந்த இடத்தில் என் வாதத்துக்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. கைவேலை செய்கிறவர் வெறும் பாட்டாளியாக மட்டும் இருக்க வேண்டுமா? வாருக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், தன் மனசுக்குப் பிடித்த ஒரு புள்ளிக்கோலத்தை அவர் அடித்துவைத்தால் அதை வீண் என்று சொல்ல நாம் யார்? பயனை மட்டும் அளந்து கொடுக்கிற பார்வை முதலாளியுடைய பார்வையல்லவா? ஏழையின் பொருளில் அழகு தேவையில்லை என்று சொல்லிவிட்டால், நாமும் அதே கணக்குப்பிள்ளை வேலையைத்தான் செய்கிறோம்.

இந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டு ஒரு எல்லை போடுகிறேன். தானாகப் போட்ட பூ வேறு, கேட்டு வாங்கிய பூ வேறு. முன்னது செய்கிறவரின் சுதந்திரம், கையெழுத்துப் போல. அதை யாரும் அளக்க வேண்டாம். பின்னது வேலை. வேலை என்றால் நேரம், நேரம் என்றால் கூலி. ‘உண்மையான கலைஞன் உள்பக்கத்தையும் அழகாகச் செய்வான்’ என்று ஒரு வாடிக்கையாளரோ, கண்காட்சி நடத்துகிறவரோ, கட்டுரை எழுதுகிறவரோ சொல்கிறபோது, சுதந்திரமாகச் செய்ய வேண்டியதைக் கடமையாக மாற்றி, அதையும் இலவசமாகக் கேட்கிறார். அறம் பேசிக் கூலியைக் குறைப்பது இந்த நாட்டில் பழைய வித்தை.

கூலியும் பெயரும் சேர்ந்து வந்தால் நிலைமை மாறலாம். கோலாப்பூர் செருப்பு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கருவேலம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட தோலில், ஆணி அடிக்காமல், தோல் இழையாலேயே தைக்கிற செருப்பு அது. 2025 ஜூனில் மிலான் நகரத்து அணிவகுப்பில் பிராடா நிறுவனம் அதே சாயல் கொண்ட செருப்பைக் காட்டியது. கோலாப்பூரின் பெயர் இல்லை. இங்கே எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, இந்தியக் கைவினையின் தாக்கம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து, 2,000 ஜோடிகளை ஜோடி ஏறத்தாழ 800 யூரோவுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. அந்த 800இல் தைக்கிற கைக்கு எத்தனை என்பதுதான் இந்தச் செருப்பின் உள்பக்கம். பெயர் மட்டும் வந்து பங்கு வராவிட்டால், அந்தப் பெயரும் உள்வாரில் போட்ட பூ அச்சாகிவிடும்.

7

ஆகவே, கண்ணுக்குப் படாத இடத்துக்கு எவ்வளவு அலங்காரம் தகும் என்பதற்கு என் விடை இது. பாடு முழுதாக வேண்டும், பாட்டுக்கு முழுக்கூலியும் வேண்டும். அதில் பேரம் இல்லை. அணி, செய்கிறவர் விரும்பினால். வாங்குகிறவர் விரும்பினால், தனியாகக் காசு வைத்து. மூடல் எந்தப் பெயரில் வந்தாலும் பிரிக்கப்பட வேண்டும்.

கைவேலைப் பொருள் ஒன்றை எடுத்துப் பார்க்கும்போது, விமர்சகர்களும் வாங்குகிறவர்களும் உள்பக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஈரம் பட்டால் என்ன ஆகும், எங்கே உரசும், யார் தைத்தது, என்ன கிடைத்தது என்று கேட்கப் பழக வேண்டும். இந்த நாலு கேள்விகளைக் கேட்டால் ஏணி தேவைப்படாது. அலங்காரத்தைப் பற்றிய கேள்வி அதன்பிறகு வரட்டும். கதைப்பாடலாக இருந்தாலும் கச்சேரியாக இருந்தாலும் இதே வரிசைதான்.

பெரியவர் அன்று அட்டை இருந்த இடத்தில் இரண்டு துண்டுத் தோலை அடுக்கினார். உறுத்தாமலிருக்க அவற்றின் ஓரங்களைக் கத்தியால் சீவினார். நூலுக்கு மெழுகு போட்டுத் தைத்து மூடினார். அந்தத் துண்டுகளை இனி நான் பார்க்கப்போவதில்லை. கூலி கேட்டபோது, “குடுக்கத குடுங்க சார்” என்றார். பூவுக்கு விலை எழுதி ஒட்டியிருந்தது. பாட்டுக்கு விலை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எவ்வளவு கொடுப்பது என்று எனக்கும் தெரியவில்லை. எந்த அழகியல் நூலிலும் நான் அதைப் படித்திருக்கவில்லை. செருப்பு வாங்கிய கடையில் கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தவன், சாரலில் நின்றுகொண்டு சில்லறையை எண்ணினேன்.